ஆற்றின் பெயரால் வழங்கிய நோய்கள்: மீன் நச்சுயிரிகளின் பெயர்வரலாறு

1. முன்னுரை

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பாயும் கொலம்பியா, சாக்ரமென்டோ ஆகிய ஆறுகளின் பெயர்கள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இரண்டு மீன்நோய்களின் பெயர்களாயின. ஒன்று ‘கொலம்பியா ஆற்றுச் சாக்கை நோய்’. மற்றொன்று ‘சாக்ரமென்டோ ஆற்றுச் சினூக் நோய்’. சாக்கை, சினூக் என்பன சால்மன் மீனின் இரண்டு வகைகள். இவற்றோடு ‘ஆரிகன் சாக்கை நோய்’ என மாநிலத்தின் பெயரால் மூன்றாவது ஒன்றும் வழங்கியது. இம்மூன்று பெயர்களும் ஒரே நச்சுயிரியால் விளைந்த நோயையே குறித்தன என்பது 1970களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று.

இப்பெயர்களில் ஆறு உண்டு, மாநிலம் உண்டு, மீனும் உண்டு. ஆனால், நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் மட்டும் இல்லை. அது ஆற்றங்கரையில் மனிதர் கட்டிய மீன்குஞ்சு பொரிப்பகம். ஒரு நோயின் பெயர் அது காணப்பட்ட நிலத்தைச் சுட்டுகிறதா, அது பெருகிய இடத்தைச் சுட்டுகிறதா என்னும் வினா இதனால் எழுகிறது. பொரிப்பகங்களிலிருந்து இயற்கை நீர்நிலைகளுக்கு நச்சுயிரிகள் பரவிய வரலாற்றை, அந்நோய்களுக்கு இடப்பட்ட பெயர்களின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அணையும் பொரிப்பகமும்

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். ஆற்றின் குறுக்கே கடக்க இயலாத தடை ஒன்று எழுமாயின் அதன் வாழ்க்கைச் சுழற்சி அறுபட்டுப் போகும். வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணையின் பணி 1933இல் தொடங்கி 1942இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 168 மீட்டர் உயரமுள்ள இவ்வணையில் மீன் ஏறிச் செல்வதற்கான வழி அமைக்கப்படவில்லை. அணைக்கு மேற்பட்ட ஆற்றிலும் கிளையாறுகளிலும் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட நீர்வழி சால்மனுக்கு இல்லாமற் போயிற்று.

அவ்விழப்பு மீனோடு நின்றுவிடவில்லை. கெட்டில் அருவி என்னும் இடத்தில் பன்னெடுங்காலமாகச் சால்மன் பிடித்து வாழ்ந்த பழங்குடி மக்கள் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்குக் கூடி, மூன்று நாள்கள் துயர்ச் சடங்கு நிகழ்த்தினர். அதன்பின் அவ்வருவி அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது.

மீனின் பெயர்களும் இம்மக்களின் மொழிகளிலிருந்தே ஆங்கிலத்திற்கு வந்தவை என்பது இங்குக் கருதத்தக்கது. ‘சினூக்’ என்பது கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த மக்களின் பெயர். ‘சாக்கை’ என்பது பிரேசர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வழங்கும் ஹால்கொமேலம் என்னும் சேலிஷ் குடும்ப மொழியின் சொல். அச்சொல்லைக் கேட்ட ஆங்கிலேயர் தம் செவிக்குப் பழகிய இரு சொற்களாக அதனை மாற்றிக்கொண்டனர். ஒன்று காலுறையைக் குறிக்கும்; மற்றொன்று கண்ணைக் குறிக்கும். மீனுக்கும் காலுறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொருள் விளங்காத அயற்சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திரித்து வழங்கும் இப்போக்கினை மொழியியலார் மக்கள் சொற்பிறப்பு என்பர். பெயரைக் கடன்கொண்டவர்கள் அதன் மூலத்தை மறந்தனர் என்பதற்கு இது முதற்சான்று.

இழந்த மீனுக்கு ஈடாக அமெரிக்க அரசு பொரிப்பகங்களை அமைத்தது. 1939 முதல் 1943 வரை, கொலம்பியாவில் ஏறிவந்த சால்மன்கள் கிராண்ட் கூலிக்குக் கீழேயுள்ள ராக் ஐலண்டு அணையில் பிடிக்கப்பட்டுக் கீழ்க்கிளையாறுகளுக்கும் பொரிப்பகங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. லெவன்வொர்த், என்டியாட், வின்த்ராப் ஆகிய மூன்று ஊர்களில் பெரும் பொரிப்பகங்கள் எழுந்தன. கலிபோர்னியாவிலும் இதுவே நிகழ்ந்தது. சாக்ரமென்டோ ஆற்றின் குறுக்கே சாஸ்டா அணை கட்டப்பட்டபோது, அதற்கு ஈடாக அவ்வாற்றின் கிளையோடை ஒன்றின் கரையில் கோல்மன் பொரிப்பகம் 1942இல் நிறுவப்பட்டது. மேலே குறித்த நோய்ப்பெயர்களின் வரலாறு இவ்விரு ஆறுகளின் பொரிப்பகங்களிலேயே தொடங்குகிறது.

3. தீனியின் வழி வந்த நோய்

இப்பொரிப்பகங்களில் இலட்சக்கணக்கான குஞ்சுகள் குறுகிய தொட்டிகளில் ஒருங்கே வளர்க்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட தீனியில், முட்டையும் விந்துநீரும் எடுக்கப்பட்டபின் எஞ்சிய வளர்ந்த சால்மன்களின் சதையும் குடலும் பச்சையாக அரைத்துச் சேர்க்கப்பட்டன. கழிவைப் பயன்படுத்தும் சிக்கனமாகவே இது அந்நாளில் கருதப்பட்டது. நோயுற்ற தாய்மீனின் உடலிலிருந்த நச்சுயிரி குஞ்சுகளின் வாய்க்கு நேராகச் சென்று சேர்வதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

1940களின் பிற்பகுதி தொடங்கிச் சாக்கைக் குஞ்சுகள் பெருந்திரளாக மடிந்தன. பாக்டீரியாவோ ஒட்டுண்ணியோ காரணமாகத் தென்படவில்லை. ஆர். ஆர். ரக்கர் முதலிய ஆய்வாளர்கள் 1953இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே அன்றைய அறிவின் எல்லையைக் காட்டுகிறது. நச்சுயிரியால் தோன்றியிருக்கக்கூடிய ஒரு தொற்றுநோய் என்று மட்டுமே அவர்கள் கூறினர். மீன்களின் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் முறை அப்போது கைவரவில்லை. நோயுற்ற மீனின் திசுச்சாற்றைப் பாக்டீரியா புகாத வடிகட்டியின் வழியே செலுத்திய பின்னும் அது நோய் விளைவித்தது என்பதே கையிலிருந்த சான்று.

‘நச்சுயிரி’ என்னும் தமிழ்க் கலைச்சொல்லை இங்குச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ‘வைரஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பதே பழம்பொருள். வடிகட்டியைக் கடந்துவரும் நீர்மத்தில் உயிரியா நஞ்சா எது உள்ளது என்னும் ஐயம் அறிவியலார்க்கு நெடுநாள் இருந்தது. தமிழ்ச்சொல் நஞ்சு, உயிர் ஆகிய இரண்டையும் இணைத்து அவ்வையத்தின் இரு பக்கங்களையும் தன்னுள் தாங்கி நிற்கிறது. நஞ்சாயின் நீரில் கரைந்து நீர்த்துப் போகும். உயிர்த்தன்மை உடையதாயின் ஓம்புயிரிக்குள் பெருகும். பொரிப்பகத்தின் கழிவுநீர் ஆற்றில் கலந்தால் நீர்த்துப் போய்விடும் என்று கருதுவது நச்சுயிரியை வெறும் நஞ்சாக எண்ணுவதன் விளைவேயாகும்.

சால்மன் இறைச்சியை வெப்பமூட்டித் தூய்மை செய்து சேர்த்த தீனிகள் 1950களின் இறுதியிலிருந்து வழக்கிற்கு வந்தன. தீனி வழித் தொற்று குறைந்தது. நோய் முற்றும் நீங்கவில்லை. முட்டையிடும் பெண்மீனின் சூலகநீரிலும் ஆண்மீனின் விந்துநீரிலும் நச்சுயிரி வெளிப்படுவதும், தொட்டிகளுக்கு வரும் ஆற்றுநீரில் அது கலந்திருப்பதும் பின்னரே உணரப்பட்டன.

4. மூன்று பெயர்கள், ஒரு நச்சுயிரி

நோய்களுக்குப் பெயரிடும் முறைகளுள் மிகப் பழையது இடத்தால் பெயரிடுதல். மருத்துவர் தாம் கண்ட இடத்தைக் கூறுகிறார். கேட்போர் நோய் அவ்விடத்திற்கு உரியது என்று பொருள்கொள்கின்றனர். கோல்மன் பொரிப்பகத்தில் மடிந்த சினூக் குஞ்சுகளின் நோய் ‘சாக்ரமென்டோ ஆற்றுச் சினூக் நோய்’ ஆயிற்று. வாஷிங்டன் பொரிப்பகங்களின் நோய் ‘கொலம்பியா ஆற்றுச் சாக்கை நோய்’ ஆயிற்று. ஆரிகனில் பிரித்தெடுக்கப்பட்டது ‘ஆரிகன் சாக்கை’ நச்சுயிரி ஆயிற்று. ஆற்றின் பெயரும் மீனின் பெயரும் சேர்ந்த இத்தொடர்களைப் படிக்கும் ஒருவர், அந்நோய் அவ்வாற்றின் இயல்பு என்றும் அம்மீனின் குறை என்றும் எண்ணுவது இயற்கை. தொட்டியும் தீனியும் அவர் மனத்தில் தோன்ற வழியில்லை.

மீன் உயிரணு வளர்ப்பு முறை இந்நிலையை மாற்றியது. கென் உல்ஃப், குயிம்பி ஆகிய இருவரும் வானவில் டிரவுட் மீனின் இனப்பெருக்க உறுப்புத் திசுவிலிருந்து நிலையான உயிரணு வழி ஒன்றை உருவாக்கி 1962இல் வெளியிட்டனர். அதன்பின் நச்சுயிரிகளைப் பிரித்தெடுத்து ஒப்பிடுதல் இயல்வதாயிற்று. 1969இல் ஆமெண்டும் அவர்தம் குழுவினரும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரவுட்டையும் சாக்கையையும் தாக்கிய நோயை ஆராய்ந்து, குருதியை உருவாக்கும் திசுக்களின் அழிவே அதன் அடையாளம் என்று காட்டினர். மீனின் முன்சிறுநீரகமும் மண்ணீரலும் அத்திசுக்கள் அமைந்த உறுப்புகள். இவ்வாறு ‘தொற்றுக் குருதியாக்கத் திசு அழிவு’ என்னும் பெயர் பிறந்தது.

1971இல் மக்கேன், பிரையர், பில்ச்சர் ஆகியோர் எதிர்ப்பொருள்களைக் கொண்டு மூன்று நச்சுயிரிகளையும் ஒப்பிட்டு அவற்றின் நெருங்கிய உறவை வெளிப்படுத்தினர். ஆற்றின் பெயர்கள் படிப்படியாக வழக்கொழிந்தன. நோய்க்குறியால் அமைந்த பெயரே நிலைத்தது. பிற்கால வகைப்பாட்டில் இந்நச்சுயிரி ‘நோவிராப்டோ’ என்னும் பேரினத்துள் அடங்கியது. ‘ராப்டோ’ என்பது கோல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ‘நோவி’ என்பது நச்சுயிரித் துகளில் இடம்பெறாத ஒரு புரதத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.

பெயர் இடத்திலிருந்து குறிக்கும், குறியிலிருந்து வடிவத்திற்கும் நகர்ந்ததை இவ்வரலாறு காட்டுகிறது. ஒவ்வொரு நகர்விலும் துல்லியம் கூடியது. ஆற்றின்மேல் விழுந்த பழியும் நீங்கியது. ஆயினும் ஓர் இழப்பும் உடன் நேர்ந்தது. இடப்பெயர் தவறாகவேனும் எங்கு என்னும் வினாவை உயிரோடு வைத்திருந்தது. நோய்க்குறிப் பெயர் அவ்வினாவையே அகற்றிவிட்டது. மனித நோய்களுக்கு இடப்பெயர்களையும் விலங்குப் பெயர்களையும் இடுதல் தகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. மக்களின்மேல் பழி சேர்வதைத் தடுக்கும் அந்நெறி ஏற்கத்தக்கதே. ஆனால், எங்கு என்னும் வினாவிற்குப் பெயருக்கு வெளியேனும் விடை தேடப்பட வேண்டும்.

5. நோய் சென்ற வழிகள்

பெயர் ஒன்றாகத் திரண்ட அதே காலத்தில் நோய் பலவாகப் பிரிந்து சென்றது. பொரிப்பகங்கள் ஒன்றுக்கொன்று முட்டைகளையும் குஞ்சுகளையும் அனுப்பிவந்தன. ஈரப்பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்த சால்மன் முட்டை நெடுந்தொலைவு செல்ல வல்லது. முட்டையின் மேற்பரப்பிலும் உடன்வரும் நீரிலும் நச்சுயிரி செல்லக்கூடும் என்பது அப்போது போதிய அளவு கருதப்படவில்லை. அலாஸ்காவிலிருந்து தருவிக்கப்பட்ட சாக்கை முட்டைகளோடு இந்நோய் ஜப்பானின் ஹொக்கைடோ தீவை அடைந்து 1971இல் வெளிப்பட்டது. 1987இல் இத்தாலியிலும் பிரான்சிலும் கண்டறியப்பட்டது. இவ்விரு நாடுகளுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே நீர்த்தொடர்பு ஏதும் இல்லை. வணிகத் தொடர்பே உண்டு.

அமெரிக்காவுக்குள் ஐடஹோ மாநிலத்தின் ஹேகர்மன் பள்ளத்தாக்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. நாட்டின் உணவு டிரவுட்டின் பெரும்பகுதி அங்கேதான் வளர்க்கப்படுகிறது. ஊற்றுநீர் வரிசையாக அமைந்த தொட்டிகளின் வழியே ஓடி, இறுதியில் கொலம்பியாவின் கிளையாகிய ஸ்நேக் ஆற்றில் கலக்கிறது. 1970களின் பிற்பகுதியில் இந்நச்சுயிரி அப்பள்ளத்தாக்கினுள் புகுந்தது. சாக்கையோடு நெடுநாள் உறவுடைய ஒரு நச்சுயிரி, நெருக்கமாக வளர்க்கப்படும் டிரவுட்டின் உடலில் பெருகி வேறுபட அங்கு வாய்ப்புக் கிடைத்தது.

பொரிப்பகத்திலிருந்து ஆற்றுக்கு நச்சுயிரி செல்லும் வழிகள் மூன்று. தொட்டியின் கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் ஓடையில் கலப்பது ஒன்று. நோய்க்குறி தோன்றாமலே நச்சுயிரியைச் சுமக்கும் குஞ்சுகளை ஆற்றில் விடுவது மற்றொன்று. அக்குஞ்சுகள் கடலில் வளர்ந்து திரும்பும்போது தாய் ஓடையை விட்டு வேறோர் ஓடையில் ஏறிவிடுவது மூன்றாவது. முதலிரண்டையும் மனிதன் கட்டுப்படுத்தலாம். மூன்றாவது அவன் கையில் இல்லை.

6. மரபணு காட்டிய நிலப்படம்

இந்நச்சுயிரியின் மரபுப்பொருள் ஏறத்தாழ 11,000 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. படியெடுக்கும்போது நேரும் பிழைகள் அதில் தங்கிவிடுகின்றன. ஒரு மூல ஓலையைப் பல எழுத்தர் படியெடுக்கையில் நேரும் பிழைகளைக் கொண்டு சுவடிகளின் கால்வழியை உய்த்துணர்வது பதிப்பியலார்க்குப் பழகிய முறை. கிளைமொழிகளின் பொதுத்திரிபுகளைக் கொண்டு மூலமொழியை அறிவது மொழியியலார் முறை. நச்சுயிரியின் வரலாற்றை மீட்டவர்களும் இதே நெறியையே பின்பற்றினர்.

கேல் குராத்தும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வட அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 323 நச்சுயிரி மாதிரிகளில், கிளைக்கோபுரத மரபணுவின் 303 நியூக்ளியோடைடு நீளமுள்ள பகுதியை ஒப்பிட்டு 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். மாதிரிகளுக்கிடையே காணப்பட்ட மிகப்பெரிய வேறுபாடு 8.6 விழுக்காடே. அவை மூன்று மரபுக்குழுக்களாகப் பிரிந்தன. நிலப்பரப்பின் மேற்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அவை யு, எம், எல் எனப் பெயர்பெற்றன. அலாஸ்கா முதல் கொலம்பியா வரை பரவியது யு. கொலம்பியா வடிநிலத்திலும் ஐடஹோவிலும் காணப்படுவது எம். கலிபோர்னியாவிலும் தென் ஆரிகன் கரையிலும் காணப்படுவது எல். நோய்க்குறிப் பெயரால் மறைந்த நிலம் மரபுக்குழுவின் பெயரில் மீண்டும் தோன்றியது.

இவற்றுள் எம் குழுவின் உள்வேறுபாடு மற்ற இரண்டைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு மிகுதி. யு குழுவோ பெரிதும் மாறாது நிலைத்திருந்தது. சாக்கையின் இயற்கை வாழிடங்களில் மெல்ல நடந்த நச்சுயிரி, டிரவுட் வளர்க்கப்படும் நிலப்பகுதியில் விரைந்து மாறியிருக்கிறது. மீன் வளர்ப்பினால் நேர்ந்த மனிதத் தாக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம் என அவ்வாய்வாளர்கள் கருதினர். இது கருதுகோள் என்றே அவர்களால் முன்வைக்கப்பட்டது. முடிந்த முடிபாக அன்று. ஆயினும் பின்னர் நிகழ்ந்தது அக்கருத்தின் முதன்மையை உணர்த்துகிறது. 2007 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையோர ஆறுகளில், கடலேகும் டிரவுட்டாகிய ஸ்டீல்ஹெட் மீன்களிடையே எம் குழு நச்சுயிரி தலைகாட்டியது. கொலம்பியா வடிநிலத்திலிருந்து அது ஒருமுறையன்றிப் பன்முறை வந்து சேர்ந்தது என்பதை மரபணு ஒப்பீடு காட்டியது.

7. எதிர்த்திசைச் சான்றுகள்

எல்லாப் பழியையும் பொரிப்பகத்தின்மேல் ஏற்றுவதும் ஆற்றின்மேல் ஏற்றுவது போன்றே பிழையாகும். சாக்கை மீன்களிடையே இந்நச்சுயிரி இயற்கையாகவே நிலவுகிறது. பிரேசர் ஆற்று வடிநிலத்தின் வீவர் ஓடையில் முட்டையிடுவதற்கென அமைக்கப்பட்ட கால்வாயில் 1987இல் இந்நோயால் பல இலட்சம் சாக்கைக் குஞ்சுகள் மடிந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்பண்ணைகளில் 2001 முதல் 2003 வரை 36 பண்ணைகளைத் தாக்கிய இதே நோய், கடலிலுள்ள இயற்கை மீன்களிடமிருந்து பண்ணைக்குள் புகுந்து, பின்னர்ப் பண்ணையிலிருந்து பண்ணைக்குப் பரவியது. நச்சுயிரி இருவழியும் செல்லும். நெருக்கமும் இடமாற்றமும் அதனைப் பெருக்கி ஆற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன என்பதே பொரிப்பகத்தைப் பற்றிக் கூறத்தக்க நேரிய கூற்று.

பெயரே கண்ணை மறைத்தமைக்கு மற்றொரு நோயின் வரலாறு எடுத்துக்காட்டாகும். டென்மார்க்கின் எக்வேத் என்னும் சிற்றூரின் பெயரால் ‘எக்வேத் நோய்’ என்று ஒரு டிரவுட் நோய் வழங்கியது. ஜெர்மானியர் அதனைச் சிறுநீரக வீக்கத்தால் பெயரிட்டு அழைத்தனர். 1960களில் ‘நச்சுயிரிக் குருதிப்போக்கு நோய்’ என்னும் பொருளுடைய பொதுப்பெயர் நிலைபெற்றது. அது ஐரோப்பாவின் நோய் என்னும் கருத்து மட்டும் மாறவில்லை. 1988இல் வாஷிங்டன் மாநிலத்தின் இரு பொரிப்பகங்களுக்குக் கடலிலிருந்து திரும்பிய சால்மன்களில் அதே நச்சுயிரி காணப்பட்டபோது, அது ஐரோப்பாவிலிருந்து புகுந்ததெனக் கொள்ளப்பட்டு அங்கிருந்த மீன்கள் அழிக்கப்பட்டன. ஆனால், மரபணு ஒப்பீடு அது ஐரோப்பிய வகையினின்று வேறானது என்று காட்டியது. பசிபிக் கடலின் காட், ஹெர்ரிங் மீன்களிடையே அது முன்பே வாழ்ந்துவந்தது. அச்சிற்றூரிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. இங்கு நோயின் திசை கடலிலிருந்து பொரிப்பகத்தை நோக்கியது.

தடுப்புமுறைகளும் இவ்வறிவின் பயனாகவே உருவாயின. அயோடின் கலந்த கரைசலில் முட்டைகளைக் கழுவும் முறை 1970களில் பரவியது. அலாஸ்கா மாநிலம் சாக்கைப் பொரிப்பகங்களுக்கு மூன்று விதிகளை வகுத்தது: நச்சுயிரியற்ற நீர், கருவிகளையும் முட்டைகளையும் தூய்மைப்படுத்தல், தொகுதிகளைத் தனித்தனியே பிரித்து வளர்த்தல். ஒரு தொகுதியில் நோய் கண்டால் அத்தொகுதியோடு அது முடிந்துவிட வேண்டும் என்பதே மூன்றாம் விதியின் கருத்து. 2005இல் கனடாவில் இந்நோய்க்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசிக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அது பண்ணை மீனைக் காக்கும். ஆற்றில் நீந்தும் மீனுக்கு ஊசியிட இயலாது.

8. ஏரியின் பெயரும் இந்திய நீர்நிலைகளும்

குளிர்நாட்டுச் சால்மனின் வரலாறு வெப்பநாட்டு மீன் ஒன்றில் மீண்டும் நிகழ்ந்துள்ளது. தமிழகத்தில் ‘ஜிலேபி’ என்று வழங்கும் மீன் திலேப்பியா. அயற்பெயரைச் செவிக்கினிய தின்பண்டத்தின் பெயராக மாற்றிக்கொண்ட இவ்வழக்கு, ‘சாக்கை’யை ஆங்கிலேயர் திரித்ததற்கு நேரிணையாகும். ‘திலேப்பியா’ என்னும் பேரினப் பெயர் தென்னாப்பிரிக்க இத்சுவானா மொழியில் மீன் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பர். இம்மீனின் மொசாம்பிக் வகை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நாட்டின் பல ஏரிகளிலும் குளங்களிலும் ஆறுகளிலும் அது தானே பெருகி வாழ்கிறது.

2009 தொடங்கி இஸ்ரேலில் திலேப்பியாக்கள் பெருமளவில் மடிந்தன. கின்னரெட் ஏரியின் இயற்கை மீன்வளமும் அதற்குமுன் குறைந்துவந்தது. 2014இல் காரணமான நச்சுயிரி விவரிக்கப்பட்டு, ‘திலேப்பியா ஏரி நச்சுயிரி’ எனப் பெயர்பெற்றது. அதே ஆண்டில் எக்குவடோரில் திலேப்பியாவின் கல்லீரலைத் தாக்கிய நோய் ஒன்று, நோய்க்குறியின் அடிப்படையில் வேறு பெயரால் விவரிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெரியவந்தது. ஓரிடத்தில் ஏரியின் பெயர், மற்றோரிடத்தில் உறுப்பின் பெயர் என்று அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட கதையே திரும்பவும் நிகழ்ந்தது.

ஏரியின் பெயர் தாங்கிய இந்நச்சுயிரியின் பரவலை ஆராய்ந்தவர்கள் ஏரிகளிலன்றிப் பொரிப்பகங்களிலேயே விடை கண்டனர். தாய்லாந்துப் பொரிப்பகங்களில் 2012 முதல் சேமித்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளில் அது இருந்தமை 2017இல் வெளியான ஆய்வால் அறியப்பட்டது. அந்நாட்டுக் குஞ்சுகள் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றிருந்தன. இந்தியாவில் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் திலேப்பியாக்கள் மடிந்தமைக்கு இந்நச்சுயிரியே காரணம் என்பது 2018இல் வெளியிடப்பட்டது. வளர்ப்புக் குளத்திலிருந்து வடியும் நீர் வாய்க்காலிலும் ஏரியிலும் கலக்கும் நாட்டில், அந்நீர்நிலைகளில் அதே இன மீன் நிறைந்திருக்கையில், நோய்க்கு எல்லையிடுவது எளிதன்று.

இவ்விடத்தில் நம் மொழிகளின் கலைச்சொல் ஒன்றும் ஆய்வுக்குரியது. மீன்வளத் துறையின் ஆங்கில வழக்கில் வளர்ப்புக்கான குஞ்சு ‘விதை’ எனப்படுகிறது. அதனை அடியொற்றித் தமிழில் ‘மீன் விதை’, இந்தியில் ‘மத்ஸ்ய பீஜ்’ என்னும் தொடர்கள் அரசு ஆவணங்களில் இடம்பெற்றன. மக்கள் வழக்கோ வேறு. தமிழில் குஞ்சு, தெலுங்கில் பில்ல, கன்னடத்தில் மரி, வங்கத்தில் போனா என அது உயிருள்ள இளமையாகவே குறிக்கப்படுகிறது. விதை உலர்ந்தது, மூட்டையில் கட்டி எங்கும் அனுப்பத்தக்கது, எந்நிலத்திலும் தூவத்தக்கது. குஞ்சோ மூச்சுவிடுவது, நோயுறுவது, நோயைச் சுமப்பது. ‘மீன் விதை’ என்னும் தொடர் பரவலுக்குக் காரணம் என்பது இதன் கருத்தன்று. சரக்கை அனுப்புவது போல உயிரை அனுப்பும் மனப்பாங்கு அச்சொல்லில் பதிந்துள்ளது என்பதே கருத்து. மக்கள் வழக்கு அறிவியலுக்கு அணுக்கமாகவும், கலைச்சொல் அதற்குச் சேய்மையாகவும் நிற்கும் அரிய இடங்களுள் இது ஒன்று.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மீன் நச்சுயிரிகளுக்கு முதலில் இடப்பட்ட பெயர்கள் ஆற்றையும் ஊரையும் ஏரியையும் சுட்டின. அவை நோய் கண்ணில் பட்ட இடங்களேயன்றி நோய் பெருகிய இடங்கள் அல்ல. பின்வந்த நோய்க்குறிப் பெயர்கள் நோயைத் துல்லியமாக வரையறுத்தன. ஆனால், அது சென்ற வழியை மறைத்தன. அவ்வழியை மீட்டுக்காட்டியது மரபணுக்களின் ஒப்பியல் ஆய்வு. பல நேரங்களில் அவ்வழி பொரிப்பகத்தின் வாயிலினூடே சென்றது. சில நேரங்களில் அதற்கு எதிர்த்திசையிலும் சென்றது.

கொலம்பியாவின் பொரிப்பகங்கள் தீய நோக்கில் எழுந்தவை அல்ல. அணையால் அழிந்த மீனை மீட்கவே அவை கட்டப்பட்டன. ஒரு குறையை ஈடுசெய்ய எழுந்த அமைப்பு மற்றொரு குறைக்கு விளைநிலமாயிற்று. இந்திய நீர்நிலைகளில் மீன்குஞ்சுகளை இருப்புச் செய்யும் திட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில், ஓர் ஏரியில் மீன்கள் மடிந்தால் அவ்வேரியின் பெயரை நோய்க்கு இடுவதற்குமுன் ஒரு வினா கேட்கப்பட வேண்டும். அம்மீன் எந்தப் பொரிப்பகத்திலிருந்து, எந்நாளில், எந்நீரோடு வந்தது என்பதே அது. அதற்கான விடை பொரிப்பகத்தின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பதிவேட்டில் அஃது இல்லையெனில், நோயின் பெயரும் பழியும் மீண்டும் நீர்நிலையின்மேலேயே சென்று சேரும்.